சனிக்கிழமை நண்டுகள்

வெள்ளிக்கிழமை காலை நாட்காட்டியில் பழைய தாளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. ராஜபாளையத்திலிருந்து அண்ணன். "ஏலே, உங்க மதினி போயிட்டா" என்றார். "எத்தனை மணிக்கு?" என்றேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

அண்ணன் மனைவியான என் மதினியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். தறியில் அறுந்த நூலை அவர் முடிகிற வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது என்பார்கள். மணம் செய்துகொள்ளாத நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் தனியாக இருப்பதால், ஞாயிறுதோறும் அவர் கையால்தான் சாப்பாடு. கல்லூரி நூலகத்தில் அட்டவணை எழுதியே ஓய்வுபெற்றவன் நான். "தம்பிகிட்ட ஒரு வேலையக் குடுத்தா நாம மறந்துரலாம்" என்பார் மதினி. அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவன்தானா என்பது எனக்கு என்றுமே சந்தேகம்.

சில ஆண்டுகளுக்கு முன் காலாண்டு விடுமுறையில், படகில் போய் நண்டு பிடிக்க வேண்டும் என்று அண்ணனின் பேத்திகள் இருவரும் கேட்டார்கள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கழிமுகம். ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. அது புரட்டாசி. எங்கள் குடும்பத்தில் அந்த மாதத்துச் சனிக்கிழமைகளில் கவிச்சி கூடாது. அண்ணன் அதில் மிகக் கண்டிப்பு. ஆகவே வியாழக்கிழமைக்குப் பேசியிருந்தேன். "தண்ணி சரியில்ல, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார் படகுக்காரர். தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். கிழமையைப் பார்க்கவில்லை. விடுமுறை மயக்கத்தில் மற்றவர்களும் கவனிக்கவில்லை.

மீன்தலை கட்டிய வலைகளை இறக்கி ஏற்றிப் பதினோரு நண்டுகள் பிடித்தோம். படகுக்காரர் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டிக் கூடையில் போட்டார். "நாளைக்கும் வரலாமா?" என்று சின்னப் பேத்தி கேட்டாள்.

"நாளைக்கி ஞாயிறுல்லா பாப்பா. மாதா கோயில் பூசைக்குப் போவோம். படகு எடுக்க மாட்டோம்" என்றார் அவர்.

அண்ணன் முகம் மாறியது. "அப்போ இன்னைக்கிச் சனிக்கிழமையா? நாள் குறிச்சது யாரு?"

நான் குனிந்து கூடையைப் பார்த்தேன்.

"நான்தான் தம்பிகிட்டச் சொன்னேன்" என்றார் மதினி. "அவிய நான் சொன்னத எழுதிக்கிட்டாவ."

"ஏட்டி, புரட்டாசிச் சனி கூடவா உனக்கு மறக்கும்?"

"நாளைக்குச் சமைக்கலாமே ஆச்சி" என்றாள் பெரிய பேத்தி.

"சனிக்கிழமை புடிச்சத ஞாயித்துக்கிழமை தின்னா மட்டும் ஆயிருமா?" என்றார் அண்ணன்.

மதினி கூடையை இழுத்து, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். ஒரு கடியும் வாங்காமல் பதினொன்றையும் தண்ணீரில் விட்டார். "போங்க. நாளைக்கி வாங்க."

"நாளைக்கி நான் வரமாட்டனே தாயி" என்றார் படகுக்காரர்.

"அதுக்குத்தான் நாளைக்கி வரச் சொல்லுதேன்."

அதன் பிறகு ஒவ்வொரு புரட்டாசியிலும், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் அவரைச் 'சனிக்கிழமை நண்டுக்காரி' என்றார். உண்மையைச் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். "ரசத்த ஊத்திக்கோங்க தம்பி, ஆறிரும்" என்று இரண்டு முறையும் மதினி தடுத்துவிட்டார். உள்ளூர எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது, "இனியாவது சொல்லிவிடுகிறேன்" என்றேன். "வேண்டாம். உங்க அண்ணனுக்கு என்னைய ஏச இருக்கது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிராதீய" என்று சிரித்தார்.

அவர் சொன்னபடி நான் நடக்கவில்லை. அச்சுக்குக் கொடுக்குமுன் இந்தக் கட்டுரையை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மதினியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்புட்டு ஏசுனேனேலே" என்றார். பிறகு, "சிரிச்சுக்கிட்டேல்லா இருந்தா" என்றார்.

படகின் விளிம்பில் குனிந்து, வளையல் நனைய நண்டுகளை ஒவ்வொன்றாக விட்ட அந்தக் கைகள்தான் என் கண்ணில் நிற்கின்றன.

மதினி, உங்கள் பதினாறாம் நாள் சனிக்கிழமை வருகிறது. நாட்காட்டியில் மூன்று முறை பார்த்துவிட்டேன். போய் வாருங்கள்.