கொளஞ்சியப்பன் பேருக்கு இடம் பத்தலை

கொளஞ்சியப்பனின் டிப்பர் லாரி எடை மேடையில் ஏறினாலே கம்ப்யூட்டர் செத்துப்போகிறதாம். டீக்கடையில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்று பால் ஊற்றுகிற பூமாலை ஆண்டாயியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"லாரி முன்னாடி மந்திரிச்ச தகடு கட்டியிருக்கானாம். எடை போடாமலே சுண்ணாம்புக்கல்லு வெளிய போவுதாம். உள்ள கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கிற பையனுக்கும் பங்கு இருக்காம்."

உள்ளே உட்கார்ந்திருக்கிற அந்தப் பையன் தன் மகன் முத்தமிழ்செல்வன்தான் என்பது ஆண்டாயிக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. உறைத்ததும் "இலக்கியா!" என்று போட்ட சத்தத்தில் கீழப்பழுவூரில் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது.

இலக்கியா மூத்தவள். பெரம்பலூரில் பொறியியல் படித்தாள், சென்னையில் வேலை பார்த்தாள், பிள்ளை பிறந்ததும் அம்மா வீட்டோடு வந்து, இங்கிருந்தே அந்த வேலையைத் தொடர்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியாது. பிறர் எழுதிய மென்பொருளை, அது கடைக்குப் போகும் முன் உடைத்துப் பார்ப்பது. வயது கேட்கிற கட்டத்தில் ஒரு பக்கக் கதையை ஒட்டுவாள். போன் நம்பர் கேட்டால் நூறு ஒன்பது அடிப்பாள். "கட்டிக் குடுத்து சம்பளம் வாங்குறவனப் பாத்திருக்கேன். உடைச்சுக் குடுத்து சம்பளம் வாங்குறவ நீ ஒருத்திதான்டி" என்பாள் ஆண்டாயி.

அந்தக் கைப்பழக்கம் இன்று வந்ததல்ல. பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது மற்ற பிள்ளைகள் படம் வரைந்தார்கள். இவள் ஒரே எழுத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தப் பெட்டி எவ்வளவு தாங்கும் என்று பார்த்தாள். அது கீ கீ என்று கத்த ஆரம்பித்ததும் டீச்சர் குட்டினார். குட்டு வலித்தது. ஆனாலும் அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

தம்பி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். லீவு என்று சொல்லியிருந்தான். லீவு இல்லை, வேலைக்கு வராதே என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"எழுந்திரிடா. என்ன நடந்துச்சு?"

"நான் ஒண்ணும் பண்ணலைக்கா. அவரு லாரி வரும், விவரம் அடிப்பேன், சாப்ட்வேர் பொட்டுன்னு மூடிக்கும். திரும்பத் தொறக்குறதுக்குள்ள பின்னாடி வரிசை கட்டி ஹாரன் அடிக்கிறானுங்க. சரின்னு அனுப்பிட்டேன். எப்பவும் அவரு லாரிக்கே அப்புடி ஆனா எவன் நம்புவான்?"

"மூடிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா என்ன அடிச்ச?"

"பேருதான்."

"இங்கிலீஷ்லயா?"

"இல்ல. தமிழ்ல. சீட்டுல எங்க பேரை எங்களுக்கே படிக்கத் தெரியலன்னு டிரைவருங்க சொன்னாங்க. இந்த மாசம்தான் மாத்துனேன்."

இலக்கியா சிரிக்க ஆரம்பித்தாள். "அடப்பாவி, புடிச்சிட்டேன்டா!" என்று அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "கிளம்பு. பைக்க எடு."

பிள்ளையை ஆண்டாயியிடம் விட்டுவிட்டு, ஆலத்தியூர்ப் பக்கம் தம்பி வேலை பார்க்கும் கல் யார்டுக்குப் போகிற வழியெல்லாம், காற்றுக்கு மேல் கத்திக்கொண்டே வந்தாள்.

"கல்யாண வேன்னு வச்சுக்க. ஆளுக்கு ஒரு சீட்டுன்னு முப்பத்திரெண்டு சீட்டு போட்டிருக்கான். இங்கிலீஷ் எழுத்து ஒண்ணு ஒரு சீட்டுல உக்காரும். தமிழ்ல 'க'ன்னா மூணு சீட்டு. 'கொ'ன்னா ஆறு!"

"டிரைவர் மகேஷ் பேரெல்லாம் தமிழ்ல ஒழுங்காத்தானே போச்சு?"

"சின்னப் பேருடா, அடங்கிருச்சு. கொளஞ்சியப்பனுக்கு முப்பத்தொன்பது வேணும். இடம் இருக்கான்னு யாரும் வாசல்ல நின்னு எண்ணல. ஏத்திக்கிட்டே போனா, மிஞ்சினவன் எங்க உக்காருவான்? டிரைவர் மடியில! வேன் கவுந்திரும்."

கல்குவாரியில் வெடி வைப்பதுபோல் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. சந்தோஷம்தான். ஆனால் அதற்கடியில் இன்னொன்று ஓடியது. மிஞ்சினவன் அறியாதவனாக இருந்தால் வேன் கவிழும். தெரிந்தவனாக இருந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வான். பேர் அடிக்கிற கட்டத்தில் பேருக்குப் பதிலாக அளந்து செய்த ஒரு கட்டளையை ஏற்றினால், அந்தக் கம்ப்யூட்டர் அப்புறம் அவன் சொன்னதைத்தான் கேட்கும். இதே மென்பொருள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை யார்டில் ஓடுகிறதோ.

யார்டு மேனேஜர் குருமூர்த்தி நல்ல மனிதர்தான், ஆனால் களைத்திருந்தார். "பாருங்கம்மா, நான் ஒண்ணும் உங்க தம்பிய திருடன்னு சொல்லலை. சாயங்காலத்துக்குள்ள மேல பதில் சொல்லணும். இல்லேன்னா நாளைக்கு வேற ஆளு வந்து உக்காருவான். மந்திரத் தகடுன்னு எழுதி அனுப்ப முடியுமா?"

"ஒரு நிமிஷம் சார், தொறந்து காட்டுறேன்."

கொளஞ்சியப்பனே கதவோரம் வந்து நின்றார். ஊர் வாயில் விழுந்து அவருக்கும் கல் கிடைக்காமல் போயிருந்தது. இலக்கியா அவர் பேரைத் தமிழில் அடித்தாள். திரை சட்டென்று மூடிக்கொண்டது.

"அதான் தெரியுமே" என்றார் மேனேஜர்.

மறுபடி திறந்து அதே பேரை இங்கிலீஷில் அடித்தாள். சீட்டு வந்தது. மகேஷ் என்று தமிழில். வந்தது. "இப்ப நீங்க ஒரு பேரு சொல்லுங்க சார். உங்க பேரே போடுவோமா?"

குருமூர்த்தி என்று அடித்து முடித்தாள். மூடிக்கொண்டது.

"என் பேரை அடிங்கக்கா!" என்று முத்தமிழ்செல்வன் குதித்தான். அதுவும் போயிற்று.

"அப்ப நம்ம மூணு பேரும் ஒரே கட்சிங்க சார்" என்றார் கொளஞ்சியப்பன். மேனேஜர் அடக்கப் பார்த்து, முடியாமல், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இலக்கியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் குட்டு வாங்கிய பெண்ணாகவே அந்த மேஜையைத் தட்டி ஆடவேண்டும்போல் இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் குருமூர்த்தி சொன்னார், "நான் நம்புறேன்மா. ஆனா நான் சொன்னா மேல எடுபடாது, ஆள காப்பாத்தப் பேசுறேம்பாங்க. இதை எழுதுனவரு வாயால சொல்லணும்."

எழுதியவர் திருச்சியில் ரஞ்சித்குமார். ஒற்றை ஆள். அவர் எழுதின காலத்தில் எடைச் சீட்டெல்லாம் இங்கிலீஷ்தான். தமிழ்நாட்டு எடை மேடையில் தமிழ்ப் பேர் வரும் என்று அவருக்கும் தோன்றவில்லை, வாங்கினவர்களுக்கும் தோன்றவில்லை. சரிசெய்வது பெரிய காரியமில்லை. ஆனால் ஆமாம் என்று ஒப்புக்கொண்டால் மற்ற யார்டுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று அவர் பயப்படலாம்.

அதற்குள் கொளஞ்சியப்பன் செல்போனை நீட்டினார். அவள் அடித்தது, மூடியது எல்லாம் படமாகியிருந்தது. "டிரைவர் குரூப்புல போட்டுடவா தங்கச்சி? அரை மணி நேரத்துல மாவட்டம் பூரா தெரிஞ்சிரும். தம்பி மேலயும் என் மேலயும் இருக்கிற பேச்சு அத்தோட போச்சு."

"போடுங்கண்ணே!" என்றான் முத்தமிழ்செல்வன்.

"வேணாம்ணே." அவளுக்கே தன் குரல் கடுமையாகக் கேட்டது. "ஓட்டை எங்கன்னு ஊருக்கே காட்டிட்டு அப்புறம் அடைக்கச் சொன்னா எப்புடி? மொதல்ல செஞ்சவருகிட்ட சொல்லணும். அவரு அடைக்கணும். அதுக்கப்புறம் நீங்க பேனரே வைங்க. எங்க தொழில்ல அதான் முறை."

"உங்க தொழில் முறைக்கு என் வேலை போவணுமாக்கா?"

தம்பியின் முகத்தைப் பார்க்காமல் மேனேஜர் கொடுத்த ரஞ்சித்குமாரின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, போனை மேஜை நடுவில் வைத்தாள். உங்கள்மேல் குற்றம் சொல்லக் கூப்பிடவில்லை சார் என்றுதான் ஆரம்பிக்கவேண்டும். அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே லாரிகள் வரிசையில் ஹாரன் அடித்தன. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொளஞ்சியப்பனின் கட்டைவிரல் அந்தப் படத்தின்மேல் அப்படியே நின்றது. நாலு பேரும் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.