ஜெயலெட்சுமியின் எடை

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. காலையில் மூடுபனி மலையை விட்டிறங்கி ஆபீஸ் ஜன்னலில் சாய்ந்து நிற்கும். உள்ளே ஹம்சினி ஒவ்வொரு பெண்ணும் எடுத்த கொழுந்தின் எடையைப் பெயர்வாரியாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பாள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவள். ஒவ்வொரு பெயரைத் தட்டும்போதும் அந்தப் பெண்ணின் குரல் பனிக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும் அவளுக்கு.

அந்த எடைகளைப் பார்த்து, யாரை எந்த மலைக்கு அனுப்பலாம் என்று சொல்ல இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருந்தது. செங்குத்தான மேல்மலைக்கு அது எடுத்த முதல் பெயர் ஜெயலெட்சுமி.

ஹம்சினிக்கு அது ஆகாதென்று தெரியும். ஜெயலெட்சுமி பிள்ளைத்தாய்ச்சி. முன்பு இரண்டு கரு கலைந்துபோனதால், லயத்துப் பெண்களைத் தவிர யாருக்கும் சொல்லாதிருந்தாள். எடை குறைந்து அவளுக்கு அரைச்சம்பளம் விழக்கூடாதென்று, பக்கத்துத் தேயிலை நிரைக்காரிகள் போகிறபோக்கில் ஆளுக்கொரு பிடி அவள் பையில் போட்டார்கள். பிடிகள் கூடிப்போய், கணினிக்கு அவள் தோட்டத்திலேயே கெட்டிக்காரியாகிவிட்டாள்.

ஹம்சினி அந்தப் பெயரை மாற்றக் கேட்டாள். "மாத்தணும்னா காரணம் எழுதுங்க. அது படிச்சுக்கும், கொழும்புக் கம்பெனிக்கும் போகும்," என்றார் தோட்டத்தை நடத்தும் துரை பிரதாபன்.

பிள்ளைத்தாய்ச்சி என்ற ஒரே சொல் போதும். ஆனால் அந்தச் சொல் பனியைத் தாண்டி, ஜெயலெட்சுமி பார்த்தேயிராத ஏதோ இயந்திரத்துக்குள் போய்த் தங்கிவிடும். ஹம்சினி, ஜெயலெட்சுமி கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மலைக்கு நடந்தாள்.

"அக்கா, ஒங்கள மேல்மலைக்குப் போட்டிருக்கு."

"யாரு, கங்காணியா?"

"கம்ப்யூட்டரு. நீங்கதான் கெட்டிக்காரியாம்."

அடுத்த நிரையிலிருந்த அழகம்மா சிரித்தாள். "பாத்தியாடி, நாங்க போட்ட கொழுந்துக்கு ஒனக்குப் பேரு!"

ஜெயலெட்சுமி சிரிக்கவில்லை. "அந்த ஏத்தத்துல என்னால முடியாது புள்ள."

"காரணம் கேக்குறாங்க. ஒங்களக் கேக்காம எழுத மாட்டேன்."

"கொழுந்தச் சொல்லு, வயித்தச் சொல்லாத. அரைச்சம்பளம் விழுந்தா விழட்டும்."

"திட்டுனா எல்லாருமா வாங்கிக்கிறோம்," என்றாள் அழகம்மா.

ஹம்சினி எழுதினாள்: 'இது ஒருவர் எடுத்த எடை அல்ல, பலர் சேர்த்துப் போட்டது. ஆள்வாரியாக நம்ப வேண்டாம்.'

துரையின் முகம் சுருங்கியது. "அப்ப பொய்க் கணக்கா ஏத்துனீங்க?"

"நிறுத்த எடை நெசம் சேர். பேருதான் சரியில்ல."

"எதுக்குப் போட்டாங்க?"

"அத நான் சொல்லக்கூடாதுங்க சேர்."

அவர் கணினி போட்ட மேல்மலைப் பட்டியலை அழித்தார். இனி அவரவர் கொழுந்து அவரவர் பையில் என்று, வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்குக் கட்டளை போனது.

மறுநாள் ஜெயலெட்சுமி ரோட்டோரச் சமதரையில் நின்றாள். பை இலேசாகத் தொங்கியது. இனிப் பிடி போட முடியாத பெண்கள் அவளைச் சுற்றி அவள் வேகத்துக்கே மெதுவாகக் கொழுந்தெடுத்தார்கள். யாரும் அவளைத் தாண்டிப் போகவில்லை.