காலியாக விடாத கட்டம்

அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளையின் உடம்பில் காயம் தெரிந்தாலும், வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுதாலும், ஆசிரியர்கள் ஒரு சீட்டில் எழுதி அலுவலக அக்காவிடம் கொடுப்பார்கள். அக்கா அதைப் பதிவேட்டில் ஏற்றி, அதே பிள்ளையின் பழைய பதிவுகளோடு சேர்த்துப் பார்த்து, தலைமையாசிரியையிடம் கொண்டுபோவாள். பதினெட்டு வருட வேலை. அலமாரிச் சாவி அவள் இடுப்பிலேயே குடியிருந்தது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அப்புறம் பிள்ளைகளின் மனக்குறை கேட்க ஓர் ஆலோசகர் வந்தாள், இருபத்தாறு வயதுக்காரி. அக்காவைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் இவள் அறை வாசலில் வரிசை கட்டின. போதாக்குறைக்குத் தலைமையாசிரியை வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில், "இவங்க சீட்டைப் படிச்சா பிள்ளை பேசுறது அப்படியே காதுல விழுது" என்று புகழ்ந்தாள். அக்காவுக்கு வயிறு எரிந்தது. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான், அதற்கு இந்தப் பாராட்டா?

திங்கட்கிழமை ஆலோசகர் ஒரு சீட்டை நீட்டினாள். மூன்றாம் வகுப்புச் சிறுமி. முன்கையில் கன்றிய தடம். கதவு இடித்தது என்கிறாள். நேரம் எழுதும் கட்டம் காலி.

"நேரம் போடாத சீட்டை நான் ஏத்த மாட்டேன்."

"பத்து மணி இருக்கும்க்கா. நீங்களே போட்டுக்குங்களேன்."

மணி அடித்தது. அக்கா பார்த்துக்கொள்வாள் என்று நம்பி ஆலோசகர் தன் அறைக்கு ஓடிவிட்டாள். அக்கா சீட்டை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டவேண்டும். மூன்று நாள் அந்த நினைப்பே அவளுக்கு இனித்தது.

வியாழக்கிழமை காலை ஆலோசகரிடமிருந்து இன்னொரு சீட்டு வந்தது. அதே சிறுமி, மறு கை. இந்த முறை வாய் திறந்திருந்தாள்: "சித்தப்பா முறுக்கினாரு. சொன்னா இன்னும் முறுக்குவேன்னாரு."

அக்கா பழைய ஏட்டைப் புரட்டினாள். போன வருடம், தன் கையாலேயே முத்து முத்தாக எழுதியது: மணிக்கட்டில் வீக்கம், கதவு இடித்ததாகச் சொல்கிறாள். திங்கட்கிழமையே புரட்டியிருந்தால் இரண்டும் ஒரே கதவு என்று தெரிந்திருக்கும்.

ஏட்டோடு தலைமையாசிரியை அறைக்கு ஓடினாள். ஒரு மணி நேரத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி வந்தார். சிறுமி அன்று அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை.

மாலையில் அக்கா முதல் சீட்டைப் பதிந்தாள். பெற்றது திங்கள், பதிந்தது வியாழன். தாமதத்துக்குக் காரணம்: நேரம் குறிப்பிடப்படவில்லை. எழுதியது பொய்யில்லை. யாரும் கேட்கப்போவதுமில்லை. பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள். விதிப்படி ஒரே கோடு போட்டு அதை அடித்து, ஓரத்தில் கையொப்பமிட்டு, கீழே எழுதினாள்: "ஆலோசகர் மேல் எனக்குப் பொறாமை."

ஏட்டை மூடாமலே கொண்டுபோய்த் தலைமையாசிரியை மேசையில் வைத்தாள், இடுப்புச் சாவியையும் சேர்த்து.