கன்டன்சரைப் பிடுங்கியவன்

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு சபைக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம்...

“இவருதாங்க எங்க கன்டன்சரைப் புடுங்கினு போனவரு!”

அட, ஏழுமலை! சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். மணலூர்பேட்டைப் பக்கம் மின்சார ஆபீஸில் ஜூனியர் இன்ஜினியராக இருந்தேன். பகலில் சில மணி நேரம் மட்டும் திரீ பேஸ், அதாவது மும்முனை மின்சாரம். அப்போதுதான் வயல் மோட்டார் ஓட வேண்டும். மற்ற நேரத்தில் ரெண்டு பேஸ், வீட்டு விளக்குக்கு மட்டும். நம் ஆட்கள் விடுவார்களா? கன்டன்சர் என்கிற சின்ன டப்பாவை மாட்டி ரெண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டுவார்கள். ஊரெல்லாம் வோல்டேஜ் படுத்துவிடும்.

விவசாயி ஏழுமலையின் பக்கத்து வீட்டு தனபால் எனக்குத் தினமும் போன் செய்வார். “சார், பொண்ணு ப்ளஸ் டூ எழுதப் போவுது. பல்பு மினுக்கு மினுக்குன்னு எரியுது. ஏழுமலை மோட்டாரை ஓட்டிக்கினே இருக்கான். இன்னா சார் ஆபீஸ் நடத்துறீங்க?”

லைன்மேனோடு போனேன். ஏழுமலை மறைக்கவே இல்லை. “நெல்லு பால் புடிக்கிற நேரம் சார், பகல் கரண்டு பத்தல. இன்னும் ரெண்டு தண்ணி. இல்லன்னா அவ்ளோவும் பதருதான்.”

ரூல் ரூல்தானே? கன்டன்சரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.  

ஓடி வந்தார் தனபால். “இன்னா சார் இப்டி பண்ணிட்டீங்க?”

“புகார் கொடுத்ததே நீங்கதானே!”

“சாயங்காலத்துல நிறுத்தச் சொல்லுங்கன்னேன். புடுங்கினு போவச் சொன்னேனா? பயிரு காயுதே சார்!”

அடித்துக்கொள்வதும் அவர்கள்தான், சேர்ந்துகொள்வதும் அவர்கள்தான் – நடுவில் போனவன் கதி? நாலாம் நாள் மேலிடத்திலிருந்து ஒரு மனு வந்தது. என் மேல் புகார்! ‘படிக்க வெளிச்சமும் தரவில்லை, பயிருக்குத் தண்ணீரும் விடவில்லை.’ கீழே ஏழுமலை, தனபால் கையெழுத்து. குண்டு குண்டாக அழகான எழுத்து... சந்தேகமே இல்லை, அந்த ப்ளஸ் டூ பெண்தான். ஓரத்தில் பெரிய அதிகாரியின் குறிப்பு: ‘விசாரித்து அறிக்கை அனுப்பவும்.’

யாருக்கு அனுப்பியிருக்கிறார்? எனக்கே!

முதலில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, விசாரிக்கத்தானே சொல்லியிருக்கிறார்கள் என்று வயலுக்குப் போனேன். காய்ந்த மண் வெடிப்பில் என் விரல் நுழைந்தது; சாயங்காலம் மற்றவர்கள் மோட்டாரில் தனபால் வீட்டு பல்பும் மினுக்கியது. ஆபீஸுக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன்: ‘அறுவடை வரை பகலில் திரீ பேஸை இரண்டு மணி நேரம் கூட்டித் தர வேண்டும்.’

ஆச்சரியம், கூட்டித் தந்தார்கள். நெல் தப்பியது. சாயங்காலம் யார் மோட்டாரும் ஓடவில்லை. அந்தப் பெண்ணும் வெளிச்சத்தில் படித்தாள்.

அறிக்கையின் முதல் வரியை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை: ‘என் மேல் கூறப்பட்ட புகார் முற்றிலும் உண்மை.’