பார்க்கவில்லை என்று எழுதிய அண்ணி

என் அண்ணிக்கு அறிவியல் புத்தகம் தலைகீழ்ப் பாடம். எந்தப் பக்கத்தில் எந்தப் படம், அதற்குக் கீழே என்ன வரி என்பதுவரை ஒப்பிப்பார். அதே அறிவியலில்தான் இரண்டு முறை கோட்டை விட்டார்.

அண்ணி ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். ஆபரேஷனுக்கான கத்தி, கிண்ணம், துணி எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி, நீராவி மெஷினில் வைத்துக் கிருமி நீக்கும் அறையில் வேலை. பதினான்கு வருடமாக அங்கே தள்ளுவண்டி தள்ளுகிறார். மெஷினை இயக்கும் வேலை காலியாகப் போகிறது. அதற்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். எட்டாவதோடு நின்ற படிப்பை நாற்பது வயதில் தூசி தட்டி எடுத்தார். மற்றப் பாடங்களில் ஒரே மூச்சில் தேறிவிட்டார். அறிவியல் மட்டும் முதலில் முப்பத்தொன்று, பிறகு முப்பத்திரண்டு. தேற முப்பத்தைந்து வேண்டும். மூன்றாவது முறையும் போனால் வேலைக்கு வெளியாளை எடுத்துவிடுவார்கள். அண்ணிக்கு ஓய்வு பெறும்வரை வண்டிதான்.

நான் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடிக் குழாய் கழுவுகிறவள்தான், ஆனாலும் வீட்டில் விஞ்ஞானி என்று எனக்கு ஒரு மிதப்பு. இரண்டாவது முறை விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தேன். ‘ஒரு தோட்டத்தில் உப்புநீர் புகுந்தது. செடிகள் தண்ணீரில் நின்றும் வாடிப்போயின. ஏன்?’ இது கேள்வி. அதற்குக் கீழே அண்ணி அழகாக ‘பார்க்கவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டிருந்தார். புத்தகத்தில் இல்லாத கேள்விகள் அத்தனைக்கும் அதே பதில், அதே கையெழுத்து.

“என்ன அண்ணி இது?”

“அந்தத் தோட்டத்தை நான் பார்க்கலையே. பார்க்காததை எப்படி எழுதறது?”

வயிறு வலிக்கச் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. அவர்கள் அறையில் அதுதான் சட்டமாம். பொட்டலத்தில் ஒட்டிய பட்டை, நீராவிச் சூடு பட்டு நிறம் மாறியதைக் கண்ணால் பார்த்தால்தான் பதிவேட்டில் குறிக்கலாம். இல்லையென்றால் ‘பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குத்துமதிப்பாக எழுதினால் யாரோ ஒரு நோயாளியின் உயிருக்கு ஆபத்து. அண்ணி அதில் ஒரு நாளும் பிசகியதில்லை. பரீட்சைத்தாள் திருத்துகிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

சரி, நாமே பழக்கிவிடலாம் என்று புதுப்புதுக் கேள்விகளாகத் தயாரித்துக் கொடுத்தேன். அண்ணி அவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டு வந்து நின்றார்.

“இன்னும் ஒரு நூறு கேள்வி குடு. ஒரு வாரத்துல முடிச்சிடறேன்.”

“அண்ணி, பரீட்சைல நூத்தியொண்ணாவதுதான் வரும்!”

“அப்ப அதையும் சேர்த்துக் குடேன்.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “உங்களுக்கு இது வராது, விட்டுடுங்க” என்று சொல்லிவிட்டேன். அண்ணி புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார். ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சே இல்லை. அண்ணன் இருவருக்கும் நடுவில் மத்தளமாக அடி வாங்கினான்.

எட்டாம் நாள், அண்ணி மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைச் சாக்காக வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். துணிப் பொட்டலங்கள் ஈரமாக வந்திருந்தன. மெஷின்காரர் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. மேல் தட்டுல என்ன வெச்சீங்க?” என்று கேட்டார் அண்ணி.

“கிண்ணம்.”

“நீராவி கிண்ணத்துல பட்டுத் தண்ணியாகி, கீழ இருக்கிற துணியில சொட்டியிருக்கு. கிண்ணத்தைக் கீழ வெச்சு, சாய்ச்சு வைங்க.”

வெளியே வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். “இது புத்தகத்துல எத்தனாவது பக்கம் அண்ணி?”

“புத்தகத்துல ஏது? மேல கிண்ணம், கீழ ஈரத்துணி. கண்ணால பார்த்தேன், சொன்னேன்.”

“கேள்வித்தாளும் அப்படித்தான். தோட்டத்தை எவனோ பார்த்துட்டு வந்து உங்க பதிவேட்டுல எழுதற மாதிரி எழுதிக் குடுத்திருக்கான். உப்புத்தண்ணி வந்துச்சு, செடி வாடுச்சு. அது ஏன்னு மட்டும்தான் உங்களைக் கேக்கறான்.”

அண்ணி டப்பாவை வாங்கிக்கொண்டார். “அப்ப அது சவ்வூடுபரவல். வேர்ல இருந்த தண்ணியை வெளிய இருக்கிற உப்புத்தண்ணி இழுத்திருக்கும்” என்றார். எனக்கு அங்கேயே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அன்றிலிருந்து ஒரே வழிதான். கேள்வியில் சொல்லப்பட்டவற்றை அடிக்கோடிடுவார். எது மாறியது என்று கேட்பார். பிறகுதான் பாடத்துக்குப் போவார்.

பரீட்சை முடிந்து வாசலுக்கு வந்தவர் மூச்சுவிடாமல் பேசினார். ஒரு கேள்வியில், செடிகள் வளர்ந்த மீன்தொட்டியைத் துணியால் மூடியதும் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தனவாம். வெளிச்சம் போனது, செடி ஆக்ஸிஜன் தருவது நின்றது என்று ஒரு பக்கம் எழுதினாராம். அதையே ஆற அமர எழுதியதில், மனப்பாடமாகத் தெரிந்த மூன்று கேள்விகளுக்கு நேரமில்லாமல் போய்விட்டது.

“தெரிஞ்சதை விட்டுட்டா வந்தீங்க?” தலையில் கை வைத்துக்கொண்டேன்.

“தெரிஞ்சதை எப்ப வேணா எழுதலாம்” என்றார். பரீட்சையில் எப்ப வேணா என்று ஒரு நேரம் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

முப்பத்தொன்பது வந்தது. போனில் மதிப்பெண்ணைப் பார்த்ததும் அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். இரண்டு முறை தோற்றபோதும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷி.

“என்னை மன்னிச்சிடுங்க அண்ணி. அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றேன்.

“உன்மேல எனக்குக் கோபமே இல்லை. நான் ரொம்ப நாளா மனசுக்குள்ள சொல்லிட்டிருந்ததைத்தானே நீ சொன்னே” என்றார்.