டிரக்கில் இருந்தால் வெற்றி

டெல்பர்ட் கோஸ்கோ முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டினான். ஒரு விபத்து கிடையாது. ஒருநாளும் நேரம் தவறியதில்லை. இடி மின்னலுக்கெல்லாம் அசராதவன். ஆனால் பேஸ்பால் என்று வந்துவிட்டால் அவனைப் போன்ற பயந்தாங்கொள்ளியை ஒஹையோ முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. எங்கள் அணி ஜெயிக்கத் தொடங்கினால், ராசி போய்விடும் என்று போட்ட சட்டையைத் துவைக்க விடமாட்டான். நான் பக்கத்து வீட்டுக்காரன், நானும் அப்படித்தான்.

அந்த ஏப்ரலில் அவன் மனைவி ஆர்லீனுக்கு நுரையீரலில் புற்று முற்றியிருந்தது. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். முன்னறை ஜன்னலோரம் கட்டில், பக்கத்தில் ரேடியோ, மடியில் ஸ்கோர் நோட்டு. நாற்பது வருடமாக ஒவ்வொரு ஆட்டத்தையும் பென்சிலால் குறித்துவைத்தவள்.

"எனக்கு பெருசா ஆசை ஒண்ணும் இல்ல. நம்ம டீம் பசங்க தொடர்ந்து மூணு ஆட்டம் ஜெயிக்கணும். அதைக் கேட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள்.

எங்கள் பசங்களோ, ஒருநாள் பதினோரு ரன் குவிப்பார்கள். மறுநாள் கைக்கு வந்த பந்தையெல்லாம் கோட்டைவிடுவார்கள். வெற்றி, தோல்வி, வெற்றி, தோல்வி என்று முதல் பத்து ஆட்டமும் இப்படியே போனது.

காரணத்தை ஆர்லீன்தான் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு ஆட்டத்தின்போதும் டெல் எங்கே இருந்தான் என்பதையும் நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்தாள்.

"இங்க பாரு. நீ என் பக்கத்துல உட்கார்ந்த அஞ்சும் தோல்வி. மருந்து வாங்கப் போய் டிரக்குல ரேடியோ கேட்ட அஞ்சும் வெற்றி. தரித்திரமே, எழுந்து போய்யா!"

"உன்னைத் தனியா விட்டுட்டா?"

"வாசல்ல நிக்கிற டிரக்குக்குத்தானே போகச் சொல்றேன்? நான் எங்க ஓடிடப் போறேன்?"

அன்றிலிருந்து அவன் டிரக்கில் உட்கார்ந்தான். நாங்கள் ரன் எடுத்தால் ஹாரன் அடிப்பான். அவள் முன்பெல்லாம் மைதானத்துக்குக் கொண்டுபோகும் மாட்டுமணியைப் பதிலுக்கு ஆட்டுவாள். வெள்ளிக்கிழமை வெற்றி. சனிக்கிழமையும் வெற்றி.

ஞாயிறு பிற்பகல் நான் எட்டிப்பார்த்தபோது அவள் மூச்சு சரியாக இல்லை. டெல் கட்டிலை விட்டு நகரவில்லை.

"இன்னிக்கு மட்டும் இங்கேயே இருக்கேனே, ஆர்லீன்."

"தோத்துதுன்னா உன்னை மன்னிக்கவே மாட்டேன். போ."

அவன் என்னைப் பார்த்தான். நானும் மடையன்தான். "ஒரு ஆட்டம்தானே, போடா" என்றேன். சொல்லிவிட்டு, என் ராசியான இடமான என் கார் ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு ரன். ஹாரன் அடித்தது, மணியும் கேட்டது. பிறகு எதிரணி எங்களை முந்தி, இரண்டு ரன் கூடுதலாக எடுத்துவிட்டது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் எங்கள் பசங்க மூன்று ரன் அடித்து ஜெயித்தே விட்டார்கள். ஹாரன் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. மணி மட்டும் கேட்கவில்லை. தூங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"மூணு! ஆர்லீன், மூணு!" என்று கத்திக்கொண்டே டெல் உள்ளே ஓடினான்.

நோட்டு அவள் மடியிலேயே இருந்தது. ஏழாவது இன்னிங்ஸ் பாதியில் பென்சில் எழுத்து நின்றிருந்தது.

புதன்கிழமை அடக்கம் செய்தோம். சனிக்கிழமை பிற்பகல் மறுபடியும் ஆட்டம். உருளைக்கிழங்கும் பன்றியிறைச்சியும் போட்டுச் சுட்ட உணவை எடுத்துக்கொண்டு போனேன். காலிக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் டெல் இருந்தான். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"டிரக்குக்குப் போகலையா?"

"போகல. தோக்கட்டும். நான் இங்க இருந்தா தோத்துத்தான் ஆகணும், வெர்ன். தோத்தாதான்டா அன்னிக்கு நான் வெளிய போனதுக்கு ஒரு அர்த்தம்..." ரேடியோ சத்தத்தைக் கூட்டினான்.

என் வாழ்க்கையில் முதல் முறையாக எங்கள் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பாவிகள், எட்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள்.

டெல் ரேடியோவை அணைத்தான். அவள் நோட்டைத் திறந்து, அடுத்த பக்கத்தின் ஓரத்தில் மெதுவாக எழுதினான்: "டெல், கட்டில் பக்கம். வெற்றி."

பென்சிலை நோட்டின் மேல் வைத்தான்.

"உள்ளேயே இருந்திருக்கலாம்டா," என்றான். "அவ கையைப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே இருந்திருக்கலாம்."