தலைகீழாக ஒட்டிய ஜீன்

ஆட்டோகிளேவ் என்ற பெரிய ஸ்டீம் குக்கரைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவி... ஈஸ்டும் உப்பும் சேர்ந்து வெந்த, சூப் மாதிரியான வாசனை. 2005-ல் பேகம்பேட்டில் ஒரு சின்ன பயோடெக் கம்பெனியில் என் காலை அப்படித்தான் தொடங்கும். பாக்டீரியாவுக்கான சாப்பாடு அது.

கொண்டாப்பூரில் என்னோடு தங்கியிருந்த மூன்று பெண்களும் சாஃப்ட்வேர். "இன்னும் கிருமிக்குக் கஞ்சி காய்ச்சிட்டு இருக்கியே, பேசாம ஜாவா படி" என்பார்கள்.

எங்கள் வேலை இதுதான். மனித ஜீன் ஒன்றை பிளாஸ்மிட் என்ற வட்டமான டிஎன்ஏவில் ஒட்டி, அதை பாக்டீரியாவுக்குள் அனுப்புவோம். அது ஜீனைப் படித்து மனிதப் புரதத்தைச் செய்து தர வேண்டும்.

நான்கு மாதமாக அது செய்து தரவில்லை. வளர்க்கும் சூட்டை மாற்றினேன், நேரத்தை மாற்றினேன்... ம்ஹூம். என் ப்ரொபேஷன் முடிய மூன்று வாரம்தான் இருந்தது.

"இந்த ஜீன் பாக்டீரியாவுக்கு ஒத்துவரலம்மா. ப்ராஜெக்டை மூடிடலாம்" என்றார் லேப் ஹெட் ராகவன் சார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் சேருவதற்கு முன்பே சார் தன் கையால் செய்துவைத்த பிளாஸ்மிட் அது. அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. டிஎன்ஏவை வெட்டும் என்சைம் போட்டு, ஜெல்லில் ஓட்டி, துண்டுகளின் அளவைப் பார்த்தேன்.

ஜீன் தலைகீழாக ஒட்டியிருந்தது. இரண்டு முனைகளையும் ஒரே என்சைமால் வெட்டியிருந்ததால் எப்படி வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். திரும்பி ஒட்டினால் செல்லுக்கு அது வெறும் உளறல்.

பக்கத்து மேஜை மாலதியிடம் காட்டினேன். ராமச்சந்திராபுரம் ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்துவிடும்.

"நக்கோ டீ, வேணாம். அவர் செஞ்சதையே தப்புன்னு சொல்லப் போறியா?"

சொன்னேன். சார் ஜெல் படத்தை வாங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"நான்தான் செக் பண்ணாம விட்டுட்டேன். நீயே திருப்பிப் போடும்மா. மேல நான் பேசிக்கிறேன்."

திருப்பிப் போட்டு, தட்டில் புள்ளிபுள்ளியாக வளர்ந்த பாக்டீரியாக் காலனிகளில் பன்னிரண்டைச் சோதித்ததில் ஐந்தில் ஜீன் நேராக இருந்தது. அதற்கடுத்த வாரம் நீலச் சாயம் ஏற்றிய புரத ஜெல்லைக் கழுவக் கழுவ, இருக்க வேண்டிய இடத்தில் தடித்த நீலக் கோடு ஒன்று தெளிந்து வந்தது. சாரும் மாலதியும் நானும் குனிந்து பார்த்தபடி நின்றோம்.

"ஹவ்... ஆமாடீ, வந்துருச்சு" என்றாள் மாலதி, மெதுவாக.

வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு முறை குனிந்து பார்த்தேன்.

இப்போது மெயிலில் ஆர்டர் கொடுத்தால் போதும். ஜீன் சரியான திசையில் ஒட்டப்பட்டு, சின்னக் குப்பியில் வந்துவிடுகிறது. என் டீம் பிள்ளைகள் இந்தத் தவறைச் செய்ய வழியே இல்லை. புரதம் வந்தால் வாட்ஸ்அப்பில் போட்டோ போடுவார்கள். கட்டைவிரல்கள் வரிசையாக விழும். நானும் ஒன்று போடுவேன்.

போட்டுவிட்டு, மாடி இறங்கி லேபுக்குப் போய், அந்த ஜெல்லை என் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருவேன்.